சம்சயம்: படுத்துக் கிடக்கும் ஒரு சொல்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகும் ஒரு தங்கை மட்டும் மண்டபத் தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எஸ்.பி.எம். முடிவு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வகுப்பில் வாய் மூடாமல் பேசுகிறவள், அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

"அக்கா, சந்தேகப்படுறவங்க அழிஞ்சு போயிடுவாங்கன்னு கீதையில இருக்காமே, நிஜமா?"

"இருக்கு" என்றேன். நான்காம் அத்தியாயம், 40-ஆவது சுலோகம்.

"அப்போ நான் கேள்வி கேக்கவே கூடாதா?"

யாரோ ஒரு சொற்பொழிவில் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவள் அதை இரண்டு வாரமாகத் தூக்கிச் சுமந்திருக்கிறாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்மா" என்று தப்பித்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் தேடிப் படித்ததைத்தான் இந்தப் பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அதற்கு முன்னால் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாடத்தை நடத்த எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், இதுதான் என் தகுதி. நான் மின்னியல் பொறியியல் படிக்கிறேன். போன வருடம் தொழிற்பயிற்சிக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று பினாங்கில் பெரிய தொழிற்சாலை, இன்னொன்று வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன நிறுவனம். கணினியில் ஒரு பெரிய அட்டவணை போட்டேன். சம்பளம், வாடகை, கற்றுக்கொள்வது, பஸ் வசதி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பினாங்கு ஜெயித்தால் "வீட்டுக்குப் பக்கம்" என்பதற்கு இரண்டு மார்க் கூட்டுவேன். சின்ன நிறுவனம் ஜெயித்தால் "அனுபவம்" என்பதற்கு இரண்டு மார்க் கூட்டுவேன். சீனியர்கள், மாமா, தோழிகள் என்று எத்தனை பேரிடம் கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. மூன்றாவது வாரத்தில் ஓர் இடம் நிரம்பிவிட்டது. மற்ற இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளை நான் கவனிக்கவே இல்லை.

அம்மா திட்டவில்லை. தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு சொன்னே. நான் பாத்தவரைக்கும் நீ யோசிக்கல. படுத்துத்தான் கெடந்தே."

அம்மாவுக்கு சமஸ்கிருதம் தெரியாது. ஆனால் கீதை சொல்லும் அந்தச் சொல்லுக்கு அகராதியில் இருக்கும் பொருளை அப்படியே சொல்லிவிட்டார்.

கீதையின் அந்தச் சுலோகத்தில் இருக்கும் சொல் சந்தேகம் இல்லை, சம்சயம். தமிழில் சமுசயம் என்றும் எழுதுவார்கள். நம் பேச்சில் இப்போது அதிகம் இல்லை. ஆனால் உங்கள் மலையாள நண்பர்கள் வீட்டில் காது கொடுத்துக் கேட்டால், டவுட்டு என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் சம்சயம் என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கலாம்.

இந்தச் சொல்லைப் பிரித்தால் இரண்டு துண்டு. 'சம்' என்றால் சேர்ந்து, முழுமையாக. அடுத்தது 'சீ' என்ற வினைவேர். அதற்குப் படுத்தல், கிடத்தல் என்று பொருள். பெருமாள் கோயிலில் அனந்த சயனம் என்கிறோமே, அந்தச் சயனமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதிசயம் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான் என்று தெரிந்தபோது எனக்கே அதிசயமாக இருந்தது. சமஸ்கிருத அகராதியில் சம்சயத்துக்கு ஓய்வாகப் படுத்துக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு, முடிவெடுக்க முடியாத நிலை என்ற பொருளும் உண்டு. இரண்டு எண்ணங்கள் ஒரே மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்கின்றன, எதுவும் எழுந்து நடக்கவில்லை. நான் அதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சந்தேகம் வேறு வேரிலிருந்து வந்தது. 'திஹ்' என்றால் பூசுதல், மெழுகுதல். எல்லாம் ஒன்றாகக் குழைத்துப் பூசியது போல எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் இருப்பது சந்தேகம். நம் தேகமும் இதே வேர்தான், பூசி உருவாக்கப்பட்டது என்ற பொருளில். சங்கை என்று இன்னொரு சொல் இருக்கிறது. அது மலாய் மொழிக்கே போய்விட்டது. 'சங்கா' என்று நாம் பள்ளியில் படித்தது இந்தச் சொல்தான். மலாய்க்காரர்கள் அதை 'நினைப்பது, ஊகிப்பது' என்ற பொருளில் வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் நமக்குத் தயக்கம் இருக்கிறது. பழைய இலக்கியத்தில் தயங்குதல் என்றால் அசைதல், ஆடுதல், ஒளிவிடுதல் என்றெல்லாம் வரும். அலை தயங்கும், கொடி தயங்கும். இப்போது மனசு தயங்குகிறது. அப்புறம் ஐயம். (ஔவையார் ஆத்திசூடியில் போடச் சொன்ன ஐயம் வேறு, அது பிச்சை. சின்ன வயதில் நான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வேன்.) சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர்களுக்குச் சிவஞான சித்தியார் தெரிந்திருக்கும். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதியது, மெய்கண்ட சாத்திரங்கள் 14-இல் ஒன்று. அதில் அளவை என்ற பகுதியில் ஐயத்துக்கு ரொம்பச் சுருக்கமாக விளக்கம் கொடுத்திருக்கிறார்: ஒன்றை இரண்டாக நினைப்பது. "ரெண்டு மனசா இருக்கு" என்று நாம் சொல்வதும் அதேதான்.

சரி, தங்கையின் கேள்விக்கு வருவோம். சந்தேகம் வந்தால் அழிவா?

ஒரு சுலோகத்தை மட்டும் தனியாகப் பிடுங்கினால் அப்படித்தான் தெரியும். கொஞ்சம் மேலே பாருங்கள். அதே நான்காம் அத்தியாயத்தில் ஆறு சுலோகம் முன்னால், 34-இல், ஞானத்தை எப்படிப் பெறுவது என்று கண்ணன் சொல்கிறான். மூன்று வழி: வணங்கு, கேள்வி கேள், சேவை செய். கேள்வி என்பதற்கு அங்கே வரும் சொல் பரிப்ரச்னம். பிரச்னம் என்றால் கேள்வி. முன்னால் 'பரி' சேர்ந்தால், சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் கேட்பது. ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள் என்று அவன் சொல்லவில்லை. இப்படிச் சொன்னவன் ஆறு சுலோகம் தள்ளி, கேள்வி கேட்டால் அழிந்து போவாய் என்று சொல்வானா?

40-இல் உள்ள சொல்லைக் கவனிக்க வேண்டும். சம்சயம் வந்தவன் என்று அங்கே இல்லை. சம்சயாத்மா என்று இருக்கிறது. சம்சயமே தன் இயல்பாகிப் போனவன். அவனுக்கு இந்த உலகமும் கிடைக்காது, அடுத்த உலகமும் கிடைக்காது, சுகமும் கிடையாது என்கிறது சுலோகம். எனக்கு இதில் சாபம் எதுவும் தெரியவில்லை. எனக்கு நடந்ததை அப்படியே எழுதி வைத்தது போலத்தான் தெரிகிறது. பினாங்கும் போச்சு, பக்கத்து ஊரும் போச்சு, அந்த மூன்று வாரத் தூக்கமும் போச்சு.

அத்தியாயம் 42-ஆவது சுலோகத்தோடு முடிகிறது. அறியாமையில் பிறந்து உன் நெஞ்சுக்குள் இருக்கும் இந்தச் சம்சயத்தை அறிவு என்ற வாளால் வெட்டு என்கிறான் கண்ணன். அதற்குப் பிறகு கடைசியாக வரும் கட்டளை 'உத்திஷ்ட', எழுந்து நில். சம்சயம் என்றால் படுத்துக் கிடப்பது என்று தெரிந்த பிறகு இந்தச் சுலோகத்தைப் படித்துப் பாருங்கள். படுக்கையும் எழுச்சியும் ஒரே சுலோகத்தில் இருக்கின்றன. எனக்குக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும் போல இருந்தது.

முதல் அத்தியாயத்தின் முடிவில் அர்ஜுனன் என்ன செய்கிறான்? வில்லைப் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான். 18-ஆம் அத்தியாயம் 73-இல், என் சந்தேகங்கள் போய்விட்டன, நிற்கிறேன், நீ சொன்னபடி செய்வேன் என்கிறான். உட்கார்ந்தவன் எழுந்து நிற்பதற்கு நடுவே 700 சுலோகம் கொண்ட நூலில் பெரும்பகுதி ஓடிவிடுகிறது. அவ்வளவு நேரமும் அவன் கேட்டுக்கொண்டேதான் இருந்தான்.

இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான்காம் அத்தியாயத்தில் சம்சயாத்மா அழிவான் என்று கேட்ட பிறகும், ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் தயங்காமல் ஒரு கேள்வி கேட்கிறான். சிரத்தையோடு யோகத்தில் இறங்கி, பாதியில் வழுக்கி விழுந்தவன் கதி என்ன? இரண்டு பக்கமும் இல்லாமல், கிழிந்த மேகம் போலக் காணாமல் போய்விடுவானா? கேட்டுவிட்டு, என்னுடைய இந்தச் சம்சயத்தை நீதான் முழுசாக அறுக்க வேண்டும், வேறு ஆள் கிடையாது என்கிறான். அவன் வாயிலேயே அதே சம்சயம் என்ற சொல் வருகிறது! கண்ணன் கோபப்படுகிறானா? இல்லை. 'தாத' என்று அழைக்கிறான். அப்பனே, கண்ணே என்று பிள்ளையை அழைப்பது போன்ற சொல் அது. நல்லது செய்கிறவன் யாரும் கெட்டுப்போக மாட்டான் என்று ஆறுதல் சொல்லி, பிறகு விவரமாக விளக்குகிறான். கடைசி அத்தியாயம் 63-இல், எல்லாம் சொல்லி முடித்த பிறகும், இதை முழுக்க ஆராய்ந்து பார், அப்புறம் உன் விருப்பம் போலச் செய் என்று விட்டுவிடுகிறான். யோசிக்காதே என்று சொல்கிறவன் பேச்சு இப்படி இருக்காது.

நியாய சாஸ்திரம் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. கௌதமர் எழுதிய நியாய சூத்திரத்தில் அறிய வேண்டிய பதார்த்தங்கள் 16. அதில் மூன்றாவது சம்சயம். குற்றப் பட்டியலில் இல்லை, பாடத்திட்டத்தில்! அவர்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் இது. அந்தி நேரம், தூரத்தில் உயரமாக ஏதோ நிற்கிறது. மரக்கட்டையா, மனிதனா? உயரம் இரண்டுக்கும் பொருந்துகிறது, பிரித்துக் காட்டும் அடையாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. இதுதான் சம்சயம். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் சம்சயம் வராது. முழுக்கத் தெரிந்த விஷயத்திலும் வராது. அரைகுறையாகத் தெரிந்த இடத்தில்தான் வரும். அதனால் ஆராய்ச்சிக்கு அதுதான் வாசல்.

அந்தப் பட்டியலில் சம்சயத்துக்கு அடுத்து வருவது பிரயோஜனம். இது எதற்காக எனக்குத் தெரிய வேண்டும்? பிறகு உதாரணம், ஏற்கெனவே நிறுவப்பட்ட கருத்து, வாதத்தின் உறுப்புகள், தர்க்கம். ஒன்பதாவதாக நிர்ணயம், இரண்டு பக்கத்தையும் எடைபோட்டு முடிவுக்கு வருவது. மூன்றாவது படியிலிருந்து ஒன்பதாவது படிக்கு நடந்து போக வேண்டும். நான் மூன்றாவது படியிலேயே பாய் விரித்துவிட்டேன். பிரயோஜனம் என்ற நாலாவது படியில் காலை வைத்திருந்தால், "எனக்கு எதுக்கு இந்தப் பயிற்சி?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால், அந்த அட்டவணையே தேவைப்பட்டிருக்காது. நிர்ணயத்தையும் தாண்டி, 12-ஆவது இடத்தில் விதண்டை இருக்கிறது. நாம் விதண்டாவாதம் என்கிறோமே, அதேதான். தனக்கென்று ஒரு நிலைப்பாடு இல்லாமல் எதிராளி சொல்வதை உடைப்பது மட்டும். கேள்வி கேட்கிறவர்களையெல்லாம் விதண்டாவாதி என்று முத்திரை குத்தும் பெரியவர்கள் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனித்தால் நன்றாக இருக்கும்.

என் படிப்பிலும் இதற்கு ஒரு விஷயம் உண்டு. கணினிக்குள் ஃபிளிப்-ஃபிளாப் என்ற சின்ன மின்சுற்று இருக்கும். அதன் வேலை 0 அல்லது 1, இரண்டில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்வது. ஆனால் கடிகாரத் துடிப்பு வரும் அதே நொடியில் உள்ளே வரும் சமிக்ஞையும் மாறினால், அது சிலசமயம் 0-வும் இல்லாமல் 1-உம் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். மெட்டாஸ்டேபிள் நிலை என்போம். குன்றின் உச்சியில் நிற்கிற பந்து மாதிரி, எந்தப் பக்கமும் உருளாது. இது வராமல் அடியோடு தடுக்க முடியாது. அதனால் பொறியாளர்கள் பின்னால் இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப்பை வரிசையாக வைக்கிறார்கள். ஒரு துடிப்பு நேரம் கொடுப்பார்கள். அதற்குள் பந்து பெரும்பாலும் ஒரு பக்கம் விழுந்துவிடும். அந்த நடுநிலையை அப்படியே மற்ற சுற்றுகளுக்கு விட்டால் ஒரு சுற்று அதை 0 என்று படிக்கும், இன்னொன்று 1 என்று படிக்கும், மொத்த இயந்திரமும் தடுமாறும். வீட்டில் ஒருவர் முடிவெடுக்காமல் இருந்தால் மற்றவர்கள் எல்லாரும் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் அம்மா பினாங்குக்குத் துணி மூட்டை கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் மூன்று வாரம் இருந்தார்.

சம்சயத்துக்கு எதிர்ச்சொல் எது? நிச்சயம் என்று சொல்லலாம், நிச்சயதார்த்தத்தில் இருக்கும் நிச்சயம். ஆனால் கீதை இரண்டாம் அத்தியாயம் 41-இல் வேறு சொல் வருகிறது: வியவசாயம். உறுதியான தீர்மானம், விடாத முயற்சி என்று பொருள். அந்தப் புத்தி ஒன்றுதான், உறுதி இல்லாதவர்களின் புத்திக்கோ கிளைகள் பல, முடிவே இல்லை என்கிறது சுலோகம். இந்த வியவசாயம் தமிழுக்கு வந்து என்ன ஆனது தெரியுமா? விவசாயம்! முயற்சியைக் குறித்த சொல், நம் ஊர்களில் பயிர்த்தொழிலின் பெயராகிவிட்டது. விதை நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தால் பருவம் போய்விடும் என்பது நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். மழை வருமா வராதா என்று அவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கும். சந்தேகத்தோடேயே விதைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தங்கையை உட்காரவைத்து இவ்வளவும் சொன்னேன். கேட்டுவிட்டு, மெதுவாக உண்மையைச் சொன்னாள். அவளுக்குக் கடவுள் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. மெட்ரிகுலேஷன் போவதா, படிவம் ஆறு போவதா என்பதுதான் பிரச்சினை. மெட்ரிகுலேஷன் என்றால் ஒரு வருடத்தில் முடியும், ஆனால் தூரத்தில் தங்க வேண்டும், அம்மா வீட்டில் தனியாக இருப்பார். படிவம் ஆறு பக்கத்திலேயே, ஆனால் மூன்று தவணை, எஸ்.டி.பி.எம். கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

"கோயில்ல பூ கட்டிப் போட்டுப் பாத்தேன் அக்கா."

"என்ன வந்துச்சு?"

"படிவம் ஆறு. மனசுக்குச் சரியா படல. திரும்பவும் போட்டேன். அதுவும் படிவம் ஆறு. மூணாவது தடவை போட்டப்பதான் மெட்ரிகுலேஷன் வந்துச்சு. அப்புறம் அம்பாளை ஏமாத்திட்டேனோன்னு பயமா போச்சு."

நான் சிரிக்கவில்லை. பூ கட்டிப் பார்ப்பதில் எனக்கு மரியாதை உண்டு. என் பாட்டி வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, கண்ணை மூடி எடுத்து, வந்ததை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் போவார். முதல் தடவை போடுவது சரணாகதி. மூன்றாவது தடவை போடுவது என்னுடைய அட்டவணைக்கு மார்க் கூட்டுவது போலத்தான்.

"அம்பாள் கெடக்கட்டும். முதல் பொட்டலத்தைப் பிரிச்சப்போ உன் மனசுக்குள்ள என்ன தோணுச்சு?" என்று கேட்டேன்.

"ஐயோன்னு இருந்துச்சு."

"ஏன் ஐயோ?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குப் போகணும் அக்கா. ஆனா அம்மாவை விட்டுட்டுப் போறவன்னு ஆயிடக் கூடாது" என்றாள்.

"இதை அம்மாகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. பூவிடம் மூன்று தடவை கேட்டவள், என்னிடம் இரண்டு வாரம் கேட்கக் காத்திருந்தவள், அம்மாவிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அழைப்புக்குப் பதில் சொல்ல நான்கு நாள்தான் இருந்தது. புதன்கிழமைக்குள் அம்மாவிடம் பேசுவது என்று தேதி குறித்துக்கொண்டோம். ஒரு துடிப்பு நேரம்.

புதன் இரவு குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் தட்டு கழுவும் சத்தம். "அக்கா, அம்மா திட்டிட்டாங்க. உன்னைப் பெத்து வளத்தது என்கூட உக்காந்து சீரியல் பாக்கவான்னு கேட்டாங்க. நான் போறேன்." அதற்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி. "ஆனா அங்க போயி என்னால முடியலன்னா? பாதியில விட்டுட்டு வந்துட்டா?"

ஆறாம் அத்தியாயத்தில் அந்தக் கிழிந்த மேகம் வரும் சுலோகத்திலிருந்து கண்ணன் பதில் வரைக்கும் படித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு வகுப்பில் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.